தூசிக்குள் ஐந்து பேர்

இன்பராஜை அடித்தவர்கள் ஐந்து பேர் என்று சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான மேட்டு லைன் முழுக்கப் பேச்சு. தங்கம் எடுத்த மண்ணைக் கொட்டிய சயனைடு மேட்டுக்குப் பின்னால் பதுங்கியிருந்தார்கள், முகத்தைத் துணியால் மறைத்திருந்தார்கள், ஆளுக்கொரு இரும்புக் குழாய் வைத்திருந்தார்கள் என்று நேரில் பார்த்தவர்களைப் போலவே சொன்னார்கள். கால்வாய்க்கு அந்தப் பக்கம், பள்ளத்து லைனிலும் ஏறக்குறைய இதே பேச்சுதான். அங்கே அடி வாங்கியவன் சம்பங்கி. அடித்தவர்கள் ஆறு பேர்.

இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில் ஒரே வார்டில் கிடந்தார்கள். இன்பராஜ் வாசலை ஒட்டிய கட்டிலில், சம்பங்கி கடைக்கோடி ஜன்னலோரத்தில். நடுவில் ஒரு போலீஸ்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மேட்டு லைன்காரர்கள் முன்வாசல் வழியாக வந்து பார்த்தார்கள், பள்ளத்து லைன்காரர்கள் பின்வாசல் வழியாக வந்து பார்த்தார்கள். அப்படித்தான் வர வேண்டும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

இன்பராஜின் மனைவி ஞானசுந்தரி கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். புருஷனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்து, நெற்றியில் தையல் போட்டிருந்தது. அவனுக்குக் கஞ்சி ஊட்டும்போதும் அவள் கண் கடைசிக் கட்டிலிலேயே இருந்தது. அங்கே சம்பங்கியின் மனைவி பாக்கியவதி மாவுக்கட்டு போட்ட புருஷனுடைய கையைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அவளும் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே குழாயில் தண்ணீர் பிடித்த பழக்கத்தில் முகம் தெரியுமே தவிர, இருவரும் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

கன்னட நாட்டுத் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் அப்போது எல்லாமே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. தொழிலாளர் சங்கம் உடைந்து பழைய சங்கம், புது சங்கம் என்று ஆகியிருந்தது. மேட்டு லைனின் வரிசை வீடுகளில் பழைய சங்கத்துக் கொடி, பள்ளத்து லைனில் புது சங்கத்துக் கொடி. இரண்டு சங்கமும் கேட்டது ஒன்றைத்தான். ஆழத்து வெக்கையில் வேலை நேரத்தைக் குறைக்க வேண்டும், பாறை வெடித்துச் செத்தவன் வீட்டில் ஒருவனுக்கு வேலை தர வேண்டும். யார் கேட்டு யார் வாங்கிக் கொடுப்பது என்பதில்தான் சண்டை. கமிட்டித் தேர்தலில் பழைய சங்கம் ஜெயித்தது. மறுநாளே அதன் பலகை எரிந்தது. அடுத்து புது சங்கத்துக் கொடிக்கம்பம் அறுபட்டுக் கிடந்தது. அதற்குப் பிறகு ஆண்கள் தனியாக நடப்பதை விட்டார்கள். ஷிப்டுக்குப் போகிறவனும் வருகிறவனும் கக்கத்தில் ஒரு இரும்பை இடுக்கிக்கொண்டு நடந்தான்.

காலையில் கொர்னேலியஸ் வந்தான். ஞானசுந்தரியின் அண்ணன். சுரங்கத்துக்குள் பாறைக்கு மரத்தூண் நிறுத்துகிற வேலை. மேட்டு லைனில் பழைய சங்கம் என்றால் அவன்தான். வந்தவன் உட்காரவில்லை.

"மாப்ளே, இன்னைக்காவது யோசிச்சு சொல்லு. யாரு யாரு?"

"ஒரே தூசி மச்சான். ஒண்ணும் தெரியல."

"சம்பங்கி இருந்தான். மத்த நாலு பேரு?"

"மூஞ்சில துணி கட்டிக்கினு இருந்தாங்க," என்று சொல்லிவிட்டு இன்பராஜ் கண்ணை மூடிக்கொண்டான்.

கொர்னேலியஸ் தங்கையை வராந்தாவுக்குக் கூப்பிட்டான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"மூணு மணிக்கு சங்கு ஊதினதும் பகல் ஷிப்ட் வெளிய வரும். நம்ம ஆளுங்க ஊட்டுக்குப் போகமாட்டாங்க. நேரா கால்வாயைத் தாண்டிடுவோம். நீ இங்கயே இரு. பசங்க உங்க அண்ணிகிட்ட இருக்கட்டும்."

"எதுக்குண்ணா இது?"

"இன்னைக்கு இருட்டினா அவங்க வரப் போறாங்க. நாம முந்திக்கணும்."

"யாரு சொன்னாங்க?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

ஞானசுந்தரியின் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் துளைபோடும் இரும்புக் கம்பிகள் இரண்டு நாளாக அடுக்கிக் கிடந்தன. மேலே அவள் பிள்ளைகள் படுத்துத் தூங்கின. கம்பியோடு போயிருந்தால் அவள் மனம் இத்தனை அடித்துக்கொண்டிருக்காது. பாறை உடைக்கிற வெடிக்குச்சி கொஞ்சம், சாப்பாட்டுப் பாத்திரத்தில் வைத்து மேலே கடத்திக் கொண்டுவந்திருந்தார்கள். பாறையையே பிளக்கிற சரக்கு, தகரக் கூரை போட்ட வீட்டை என்ன செய்யும் என்று சுரங்கத்துக்காரன் மகளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

வார்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல் இருந்தது. புருஷனுடைய ரத்தச் சட்டையை அவள் அங்கே அலசிக்கொண்டிருந்தபோது பாக்கியவதி வந்தாள். ஞானசுந்தரியின் கை தானாக முந்தானை முடிச்சுக்குப் போயிற்று. அதில் மிளகாய்த்தூள் பொட்டலம் இருந்தது. பாக்கியவதியும் தன் முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். அதிலும் என்ன இருக்கும் என்று ஞானசுந்தரிக்குத் தெரிந்துவிட்டது.

"ஏம்மா, ஒண்ணு கேட்டா சொல்லுவியா?"

ஞானசுந்தரி சட்டையைப் பிழிந்தாள்.

"உங்க ஊட்டுக்காரரு கையில கடிச்ச தடம் இருக்குதா?"

பிழிந்த துணி கையிலேயே நின்றுவிட்டது. இன்பராஜின் வலது மணிக்கட்டில், உட்பக்கம், அந்தத் தடம் இருந்தது. கேட்டதற்குக் கல் கிழித்தது என்று சொல்லியிருந்தான். பிள்ளை பெற்று வளர்த்தவளுக்குப் பல் பட்ட தடம் தெரியாமல் போகுமா? நடுவில் ஒரு பல்லுக்கு மட்டும் இடம் விட்டு, பிறை மாதிரி பதிந்திருந்தது. அவள் தலையை நிமிர்த்தி ஜன்னல் வழியாகச் சம்பங்கியைப் பார்த்தாள். அவனுக்கு முன்பல் ஒன்று இல்லை.

"அஞ்சு பேரா வந்து அடிச்சது போதாதுன்னு கடிக்க வேற கடிச்சாராக்கா?" என்றாள்.

"அஞ்சு பேரு இருந்தா எதுக்கும்மா கடிக்கணும்? ஒருத்தன் புடிச்சுக்கினா நாலு பேரு அடிக்கலாம். வேற வழியில்லாதவன்தான் கடிப்பான்." பாக்கியவதி இன்னும் ஒரு அடி கிட்டே வந்தாள். "முதுகுல அடி இருக்குதா?"

"இல்ல."

"எங்க ஊட்டுக்காரருக்கும் இல்ல. ரெண்டு நாளா துடைச்சு துடைச்சுப் பாக்கறேன். ஒரு கீறல் இல்ல. ஆறு பேரு சுத்தி நின்னு அடிச்சா முதுகுல ஒண்ணாவது விழாதா?"

முதல் நாளே ஞானசுந்தரியின் மனசில் எட்டிப் பார்த்த நினைப்புதான் அது. அவள்தான் அதை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தி வைத்திருந்தாள். இப்போது வேறொருத்தி வாயால் கேட்டதும் அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அந்தக் கோபத்திலேயே, "இன்னைக்கு இருட்டினதும் உங்க ஆளுங்க எங்க லைனுக்கு வராங்களாமே, அது மட்டும் இன்னா நியாயம்?" என்று கேட்டாள்.

பாக்கியவதி முகம் மாறியது. "நாங்க எங்கம்மா வரோம்? நீங்க வரப் போறீங்கன்னு எங்க ஆளுங்க கல்லு குமிச்சுக்கினு உக்காந்திருக்காங்க. எம் பொண்ணு ரெண்டு நாளா சோறு எறங்காம கெடக்குது. இருட்டறதுக்குள்ள நாமளே போயிட்டா இன்னான்னு கங்காதரன் சொல்லிக்கினு இருக்காரு." கங்காதரன் பள்ளத்து லைனின் சங்கத் தலைவன்.

"யாருக்கா சொன்னாங்க, நாங்க வரோம்னு?"

"எல்லாரும்தான்."

குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் பாக்கியவதிதான் அதை மூடினாள்.

ஞானசுந்தரி உள்ளே வந்து புருஷனுடைய வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். போலீஸ்காரர் அரைத் தூக்கத்தில் இருந்தார்.

"இது யாரு பல்லுங்க?"

இன்பராஜ் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். அவள் விடவில்லை. அவன் சுவர் பக்கம் திரும்பி, சுவரிடமே சொல்வது போலச் சொன்னான்.

அன்று சுரங்கத்திலிருந்து ஆளை ஏற்றும் கூண்டு பழுதாகி அவன் மேலே வர இருட்டும் நேரமாகிவிட்டது. கூட வருகிறவர்கள் முன்னாலேயே போய்விட்டார்கள். தனியாகத்தான் சயனைடு மேட்டு ஓரமாக வந்தான். ஆடிக் காற்று மேட்டு மண்ணை வாரி அடித்தது. எதிரே கை நீட்டினால் விரல் தெரியாத வெள்ளைத் தூசி. துண்டை மூக்குக்கும் வாய்க்கும் சுற்றிக்கொண்டு, கக்கத்திலிருந்த குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தான். அப்போது தூசிக்குள் ஒரு உருவம் நின்றது. அதற்கும் முகத்தில் துணி. அதன் கையிலும் இரும்பு.

"நான் நின்னேன். அவரும் நின்னாரு. யாருன்னு ஒரு சத்தம். நான் கேட்டேனோ அவரு கேட்டாரோ, இன்னிக்கும் எனக்குத் தெரியல. ரெண்டு பேருமே பதில் சொல்லல. அவருக்குப் பின்னால இன்னும் ஆளுங்க இருக்காங்கன்னு நெனச்சேன், ஞானம். அவ்ளோதான். கை ஓங்கிடுச்சு."

"அப்பறம்?"

"ரெண்டு பேரும் உழுந்துட்டோம். காத்து நின்னதும் பாக்கறேன், சம்பங்கியண்ணன். சுரங்கத்துல என்கூட ஒரே லெவல்ல வேலை செஞ்ச மனுசன். அம்மா அம்மான்னு அழுதுக்கினு இருந்தாரு. நானும்தான் அழுதேன். தண்ணி கேட்டாரு. பாட்டில்ல மிச்சம் இருந்ததைக் குடுத்தேன். என் துண்டை எடுத்து அவரு கையைக் கட்டி உட்டேன்."

"இத்த ஏங்க அப்பவே சொல்லல?"

"ரெண்டு பக்கத்துல இருந்தும் ஆளுங்க லாந்தர் எடுத்துக்கினு ஓடி வந்தாங்க. வந்ததும் யாருன்னு கேக்கல. எத்தினி பேருன்னு கேட்டாங்க. ஒருத்தன்னு சொல்ல வாய் வரல. அஞ்சுன்னு வந்துடுச்சு. அந்தாண்ட சம்பங்கியண்ணன் ஆறுன்னு சொன்னது என் காதுல உழுந்துச்சு."

அவள் எழுந்து வராந்தாவுக்கு வந்தபோது பாக்கியவதி அங்கே காத்திருந்தாள். கேட்கவும் சொல்லவும் தேவையிருக்கவில்லை. சம்பங்கியும் சொல்லிவிட்டான் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. அவரவர் ஆட்களிடம் போய்ச் சொல்லிவிட்டு வருவது என்று பேசிக்கொண்டு இருவரும் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள்.

கொர்னேலியஸ் அவள் வீட்டிலேயே இருந்தான். வெடிக்குச்சிகளை ஒரு துணிப்பையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தான். அவள் சொல்லச் சொல்லக் கட்டிலில் மெதுவாக உட்கார்ந்தான். நம்பவில்லை என்று அவன் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு ஆச்சரியம்.

"யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கும், அந்தம்மாவுக்கும்."

"அவகிட்ட எதுக்குப் பேசின?"

"அண்ணா, ஒருத்தரும் யாரையும் தேடி வந்து அடிக்கல. ரெண்டு பேரும் பயந்துட்டாங்க. அவ்ளோதான் நடந்தது. நீ போய் நம்ம ஆளுங்ககிட்ட சொல்லு."

கொர்னேலியஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "சொன்னா நம்ம ஆளுங்க கலைஞ்சிடுவாங்க. அவங்க கலையமாட்டாங்க. வெறுங்கையோட நாம நிக்கறப்ப அவங்க வந்துட்டா? உம் புள்ளைங்களுக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்? அவங்க மொதல்ல கலையட்டும். அப்பறம் பாக்கலாம்."

"அவங்களும் இத்தத்தான் சொல்லுவாங்கண்ணா."

"போ ஞானம். ஆஸ்பத்திரிக்குப் போ."

அவள் திரும்பி வரும்போது வெயில் மேற்கே சாயத் தொடங்கியிருந்தது. மேட்டு லைனில் ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. ஒரு வீட்டு ஜன்னல் இடுக்கில் இரண்டு கண்கள் தெரிந்து மறைந்தன. பாக்கியவதி மூச்சு வாங்க எதிரே வந்தாள்.

"கங்காதரன் இன்னா சொன்னாருக்கா?"

"சொன்னா நம்ம ஆளுங்க கலைஞ்சிடுவாங்களாம், நீங்க கலையமாட்டீங்களாம். அவங்க மொதல்ல கலையட்டும்னாரு. உங்கண்ணன்?"

ஞானசுந்தரி அவளைப் பார்த்தாள். பாக்கியவதி புரிந்துகொண்டு தலையை ஆட்டினாள்.

வார்டுக்குள் போனதும் ஞானசுந்தரி புருஷனிடம், "எழுந்திருங்க," என்றாள்.

"எங்க?"

"நீங்க ரெண்டு பேரும் கால்வாய்ப் பாலத்துல போய் நிக்கணும். நடந்ததைச் சொல்லணும்."

இன்பராஜ் பதறிப்போனான். "நாளைக்கு நான் எப்படி கூண்டுல ஏறுவேன்? ஒத்தை ஆளைப் பாத்து பயந்துக்கினு அஞ்சு பேருன்னு சொன்னான்னு சிரிப்பாங்க. என்னைக்கும் சிரிப்பாங்க."

"சிரிப்பாங்க," என்று ஒப்புக்கொண்டாள் அவள். "உங்க மேல சிரிப்பாங்க, எம்மேலயும் சிரிப்பாங்க. எங்கண்ணன் தோள்ல மாட்டிக்கினு போற பையில இன்னா இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவனுக்குத் தெரியாது. அவள் சொன்னாள். அவன் முகத்தில் இருந்த கொஞ்ச நஞ்ச ரத்தமும் போயிற்று. மறுபேச்சு பேசாமல் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான்.

போலீஸ்காரர் தடியை எடுத்துக்கொண்டு எழுந்து, எங்கே என்று கன்னடத்தில் அதட்டினார். பேசத்தான் என்று ஞானசுந்தரி கன்னடத்திலேயே சொன்னாள். வார்டில் படுத்திருந்த அத்தனை பேரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அந்த இரண்டு கட்டிலுக்கும் இடையே அதுவரை யாரும் நடந்ததில்லை.

சம்பங்கி படுத்தபடியே இன்பராஜின் மணிக்கட்டைப் பார்த்தான்.

"ஆறிடுச்சா?"

"இன்னும் இல்லண்ணா."

"நான் ஆறுன்னு சொன்னேன். நீ எத்தினி சொன்ன?"

"அஞ்சு."

சம்பங்கிக்குச் சிரிப்பு வந்தது. விலா எலும்பு வலித்ததும் நிறுத்திக்கொண்டான். பிறகு மாவுக்கட்டுக் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கட்டிலிலிருந்து காலைத் தொங்கப் போட்டான். பாக்கியவதி அவன் செருப்பைத் தேடி மாட்டிவிட்டாள். போலீஸ்காரர் நால்வரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போன் செய்ய ஓடினார்.

ஆஸ்பத்திரி இறக்கம் தாண்டுவதற்குள் சங்கு ஊதிவிட்டது. எப்போதும் அந்தச் சத்தம் கேட்டால் ஞானசுந்தரிக்கு அடுப்பு நினைப்பு வரும். இன்று நடையை எட்டிப் போட்டாள். இன்பராஜ் இரண்டு தடவை நின்றான். சம்பங்கிக்கு மூச்சு விடவே சிரமமாக இருந்தது. ஆனாலும் நின்றவனைப் பார்த்து, "வா, வா," என்று சொல்லிக்கொண்டே நடந்தான்.

பாலம் என்பது கால்வாய்க்கு மேலே போட்ட சிமெண்டுப் பலகைதான். நால்வரும் அதன்மேல் ஏறியபோது இரண்டு பக்கமும் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். மேட்டுப் பக்கம் ஷிப்டிலிருந்து நேராக வந்தவர்கள், உடம்பெல்லாம் சேறும் வியர்வையுமாக, கையில் கம்பியோடு நின்றார்கள். முன்னால் கொர்னேலியஸ், தோளில் அந்தப் பை. பள்ளத்துப் பக்கமும் அதே ஷிப்ட், அதே சேறு. முன்னால் கங்காதரன். அவனுக்குப் பின்னால் கல் வைத்திருந்த கைகள்.

ஞானசுந்தரி நினைத்துப் பார்க்காத ஒன்று அங்கே நடந்தது. இரண்டு கூட்டத்துக்கும் வேறு மாதிரி தெரிந்தது.

"இன்பராஜை இழுத்துக்கினு வந்திருக்காங்கடா," என்று மேட்டுப் பக்கம் ஒரு குரல் எழுந்தது. "நம்ம சம்பங்கியைப் புடிச்சு வெச்சிருக்காங்க," என்று பள்ளத்துப் பக்கம் இன்னொரு குரல். கூட்டம் ஒரு அலை மாதிரி முன்னே நகர்ந்தது. மேட்டுப் பக்கத்திலிருந்து ஒரு கல் பறந்து வந்து பாக்கியவதியின் புருவத்தில் பட்டது. அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு பலகையில் உட்கார்ந்தாள். விரல் இடுக்கில் ரத்தம் வழிந்தது. பள்ளத்துப் பக்கம் கைகள் ஓங்கின. கொர்னேலியஸ் பையைத் தோளிலிருந்து இறக்குவதை ஞானசுந்தரி பார்த்தாள்.

இன்பராஜுக்குக் குரல் எழவில்லை. வாயைத் திறந்தான், மூடினான். அவள் அவன் முழங்கையை நகம் பதிய அழுத்தினாள்.

"ஒருத்தன்தான்டா," என்று கத்தினான் அவன். குரல் உடைந்து, அழுகை மாதிரிதான் வந்தது. "அஞ்சு பேரும் இல்ல, ஆறு பேரும் இல்ல. நான் அவரை அடிச்சேன், அவரு என்னை அடிச்சாரு. தூசில ஆளு தெரியல. பயந்துட்டேன். பொய் சொல்லிட்டேன்."

"நானும்தான்," என்றான் சம்பங்கி தன் பக்கத்தைப் பார்த்து. அவனால் கத்த முடியவில்லை. அதனால் முன்வரிசையில் இருந்தவர்கள் பின்வரிசைக்குச் சொன்னார்கள், பின்வரிசை அதற்குப் பின்னால் இருந்தவர்களுக்குச் சொன்னது. அந்தச் செய்தி கூட்டத்துக்குள் போவது வயலுக்குள் காற்றுப் போவது போலத் தெரிந்தது.

யாரோ ஒருவன் சிரித்தான். எந்தப் பக்கத்தில் என்று தெரியவில்லை. வேறு யாரும் சேர்ந்துகொள்ளவில்லை.

கம்பிகள் உடனே இறங்கிவிடவில்லை. அடுத்து வந்த நேரம்தான் ஞானசுந்தரிக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. அடிக்கக் காரணம் போய்விட்டது. ஆனால் முதலில் முதுகைக் காட்டித் திரும்ப இரண்டு பக்கத்திலும் ஒருவனுக்கும் துணிச்சல் இல்லை. இரும்பைப் பிடித்தபடியே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இன்னொரு கல் விழுந்தால் போதும்.

அவள் பலகையிலிருந்து இறங்கி அண்ணனிடம் போனாள். கையை நீட்டினாள். கொர்னேலியஸ் அவளைப் பார்க்காமல் அவள் தலைக்கு மேலாக எதிர்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பையின் வாரைப் பிடித்து மெதுவாக இழுத்தாள். வந்துவிட்டது. அந்தப் பக்கம் பாக்கியவதி, முகத்தில் ரத்தம் காயாமல், கங்காதரனுக்கு முன்னால் போய் நின்றிருந்தாள். அவள் என்ன சொன்னாளோ, கங்காதரன் கையிலிருந்ததைக் கீழே வைத்தான்.

பின்வரிசையில் இருந்தவர்கள்தான் முதலில் கலைந்தார்கள். பசியோடு வந்தவர்கள், பயத்தோடு வந்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரன் கூப்பிட்டானே என்று வந்தவர்கள். முன்வரிசை கடைசிவரை நின்றது. போலீஸ் வண்டி வந்தபோது பாலத்தருகே பத்துப் பன்னிரண்டு பேர்தான் மிச்சம்.

இன்பராஜ் சொன்னது போலவே சிரித்தார்கள். கூண்டில் அவன் ஏறும்போது, "அஞ்சு பேரு வராரு, எடம் உடுங்கப்பா," என்பார்கள். சம்பங்கிக்கு அவன் பக்கத்தில் வேறு பெயர் வைத்தார்கள். இரண்டு சங்கமும் தத்தம் ஆளைச் சங்கத்திலிருந்து நீக்கின. இன்பராஜ் சில நாள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். பிறகு எழுந்து வேலைக்குப் போனான். சங்கத்துச் சண்டையும் ஓயவில்லை. அடுத்த தேர்தலிலும் திட்டிக்கொண்டார்கள். ஆனால் இரும்பை எடுத்துக்கொண்டு யாரும் கால்வாயைத் தாண்டவில்லை. பாக்கியவதியும் ஞானசுந்தரியும் சிநேகிதிகள் ஆகிவிடவில்லை. குழாயடியில் ஒருத்தி வந்தால் மற்றவள் குடத்தை நகர்த்தி இடம் விடுவாள், அவ்வளவுதான். பாக்கியவதியின் புருவத்தில் தழும்பு நின்றுவிட்டது.

கொர்னேலியஸ் வெகுநாள் தங்கை வீட்டுப் பக்கம் வரவில்லை. சர்ச்சில் பார்த்தாலும் வேறு பெஞ்சில் உட்கார்ந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேராக வந்தான். இன்பராஜ் அவனைப் பார்த்ததும் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போகப் பார்த்தான்.

"உக்காரு மாப்ளே," என்றான் கொர்னேலியஸ். அவனும் உட்கார்ந்தான்.

"அன்னைக்கு கங்காதரன் எனக்கு நேரா நின்னுக்கினு இருந்தான். அவன் கை நடுங்கினது எனக்குத் தெரிஞ்சுது, ஞானம்."

"அவரும் மனுசன்தானே."

"அதில்ல. நான் அவன் கையைப் பாத்துக்கினு இருக்கேன், அவன் எதையோ உத்துப் பாக்கறான். இன்னாடா பாக்கறான்னு குனிஞ்சேன். நடுங்கற என் கையைத்தான் பாத்துக்கினு இருந்தான்."

ஞானசுந்தரி சோறு வடித்து இறக்கி வைத்திருந்தாள். மூன்று தட்டு எடுத்து வைத்தாள்.